பாவாத்தாள் தாழி

நம்ம தாத்தனுக்குத் தாத்தன் அரைஞாண்கூட இல்லாமல் தவழ்ந்துகொண்டிருந்த காலம். ரயில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எது வந்தாலும் மாட்டு வண்டியில்தான் வரும். உப்பும் வண்டியில் வரும், புகையிலையும் வண்டியில் வரும், நோயும் அதே வண்டியில்தான் வரும். அந்தக் காலத்தில் வேலஞ்சந்தை என்று ஒரு சின்ன ஊர் இருந்ததாம். செவ்வாய்க்கிழமை சந்தை கூடுமாம். மற்ற ஆறு நாளும் ஊர் சோம்பல் முறித்துக்கொண்டு கிடக்குமாம்.

அந்த ஊர் வண்டிக்காரர் வீதியில் பாவாத்தாள் என்று ஒருத்தி. நம்ம வழிக்கு மூத்தவள் அவள்தான். ஒல்லியான உடம்பு, ஓயாத வாய். புருசன் நஞ்சப்பன் வண்டி பூட்டிக்கொண்டு கிளம்பினால் திரும்பி வர இரண்டு மாசம் ஆகுமாம். மகள் வேலாயிக்கு ஏழு வயசு, மகன் சென்னியப்பனுக்கு மூன்று. வாசலில் ஒரு எருமை. எருமைக்கு ஒரு கல் தாழி. சாமை கழுவின தண்ணி, வடித்த கஞ்சி, ஒரு பிடி கல்லுப்பு, எல்லாம் அந்தத் தாழிக்குத்தான் போகும்.

அப்படி இருக்கும்போது ஒரு ஐப்பசியில் ஊருக்குள் பேதி வந்தது. வாந்தியும் பேதியும். காலையில் சாணி தெளித்தவள் மாலையில் இல்லை. ஊர் மணியகாரர் தமுக்கு அடித்துச் சொல்லிவிட்டாராம்: "பேதி கண்டவங்க வாயில தண்ணி படக்கூடாது! உள்ள போற தண்ணிதான் வெளிய போகுது. நிறுத்தினா நிக்கும்!"

அவர் கெட்டவர் இல்லை. அவர் அப்பன் அவருக்குச் சொன்னது அது. ஊரே அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை வேலாயிக்குக் கண்டுவிட்டது. பாவாத்தாள் குடத்தைத் தூக்கிப் பரண்மேல் வைத்தாள். ஈரத்துணியால் பிள்ளையின் உதட்டைத் துடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"ஆத்தா, தண்ணி."

"பொறுத்துக்க கண்ணு. நின்னுதுன்னா ஒரு குடமே தாரேன்."

"குடம் வேண்டாம் ஆத்தா. ஒரு வாய்."

கொடுக்கவில்லை. பெற்றவள்தானே, பிழைக்க வேண்டும் என்றுதானே கொடுக்கவில்லை. பிள்ளை பரணையே பார்த்துக்கொண்டு கிடந்தது. உச்சிப்பொழுதுக்குமேல் பார்க்கவும் இல்லை.

ஓயாத வாய் அன்றோடு ஓய்ந்துவிட்டதாம்.

மூன்றாம் நாள் எருமைக்குக் கஞ்சி ஊற்றப் போகிறாள். தாழிக்குப் பக்கத்தில் ஒரு உருவம் சுருண்டு உட்கார்ந்திருக்கிறது. யார் என்று பார்த்தால் பக்கத்து வீட்டு மருமகள் நாச்சாயி. கட்டிக்கொண்டு வந்து ஒரு வருசம் ஆகாத பெண். அவளுக்குப் பேதி கண்டதும் மாமியார் வீட்டார் அவளைத் திண்ணையில் போட்டுவிட்டு, வீட்டையும் பூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். செத்திருப்பாள் என்றுதான் ஊர் நினைத்திருந்தது.

"அடி நாச்சாயி! உசுரோட இருக்கறயா?"

"மெதுவாப் பேசுங்க அக்கா."

"யாருடி உனக்கு மருந்து குடுத்தது?"

நாச்சாயி தலையைக் குனிந்துகொண்டாள். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"பண்ணியாச்சு. சொல்லு."

"உங்க எருமைத் தாழியில வாயை வெச்சுக் குடிச்சுப்போட்டேன். தாகம் தாங்கலீங்க அக்கா. மூணு நாளா. அது அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

"அதுதான் ரெண்டு நாளா எருமை என்னை மொறைச்சுக்கிட்டு நிக்குதா?"

பாவாத்தாளுக்குச் சிரிப்பு வந்ததாம். பிள்ளை போன மூன்றாம் நாள், சிரிப்பு. அது பாதியிலேயே நின்றுபோயிற்று. தண்ணி குடித்தவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். தண்ணி கேட்டவள் மண்ணுக்குள் இருக்கிறாள். வேலாயி படுத்திருந்த இடத்துக்கும் இந்தத் தாழிக்கும் பத்தடி இருக்குமா? அவள் அப்படியே தாழியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாளாம்.

நாச்சாயியைக் கையோடு வீட்டுக்குள் கூட்டிப்போய் வைத்துக்கொண்டாள். மறுநாள் விடிந்ததும் சென்னியப்பனுக்குக் கண்டுவிட்டது.

பாவாத்தாள் யாரையும் கேட்கவில்லை. பரணில் இருந்த குடத்தை இறக்கினாள். அடுப்பை மூட்டிச் சாமையைக் குழைய வேகவைத்து, கஞ்சியை வடித்து ஆறவைத்தாள். எருமைக்குப் போடுகிற மாதிரி பிடி உப்பா? மூன்று வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு போடுவது? ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அப்போது கண்ணீர் வழிந்து உதட்டுக்கு வந்தது. இரண்டும் ஒரே கரிப்பு. இது போதும் என்று அவளுக்குத் தோன்றியதாம்.

கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு மாதிரிக் கிண்ணம், பாலாடை, அதில் எடுத்து வாயில் விட்டாள். பிள்ளை கக்கியது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் விட்டாள். கக்கியது. மறுபடியும் விட்டாள்.

இதை எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். பார்த்தால் சும்மா இருப்பாளா? மணியகாரர் வந்துவிட்டார், பின்னால் பாதி வீதி.

"பாவாத்தா! ஒண்ணை மண்ணுக்குக் குடுத்தது பத்தலையா? இருக்கறதையும் தண்ணி ஊத்திக் கொல்லப் பாக்கறயா?"

"மூத்தவளுக்கு நீங்க சொன்னபடி செஞ்சனுங்க. அவளைப் பொதைச்ச மண்ணு இன்னும் காயலீங்க. இவனுக்கு நான் நெனைச்சபடி செய்யறனுங்க."

"பேதிக்குத் தண்ணி குடுத்துப் பொழைச்சவங்க ஒருத்தரைக் காட்டு, பார்க்கலாம்!"

பாவாத்தாள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். சத்தியம் பண்ணியிருக்கிறாளே! மணியகாரர் பாலாடையைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

"நான் இருக்கறனுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நாச்சாயி நிற்கிறாள். ஏதோ பேயைப் பார்த்த மாதிரி நாலு பேர் பின்னால் போனார்களாம்.

"இந்த வீட்டு எருமைத் தாழியிலதான் குடிச்சனுங்க. கஞ்சியும் உப்பும். அதுலதான் பொழைச்சேன்."

"எருமையோட பங்கு போட்டுக்கிட்டயா?" என்று ஒருத்தன் இளித்தான்.

"ஆமாங்க. எருமை ஒரு வார்த்தை சொல்லாம எடம் விட்டுது. மனுசங்க கதவைச் சாத்திக்கிட்டுப் போயிட்டாங்க."

மணியகாரர் நீட்டின கையை இழுத்துக்கொண்டார். "சாயங்காலம் வரைக்கும் பார்க்கறேன்" என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

வெயில் ஏறியது. பாலாடை நிற்கவில்லை. வெயில் இறங்கியது. பாலாடை நிற்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் பாவாத்தாள் போட்ட கூச்சலில் மணியகாரர் துள்ளி எழுந்தாராம்.

"என்ன ஆச்சு? போயிட்டானா?"

"மூத்திரமுங்க! என்ற மடியில பேஞ்சுட்டானுங்க!"

வற்றிப்போன உடம்பில் தண்ணி ஊறிவிட்டது. ஒரு பிள்ளை மூத்திரம் பெய்ததற்கு ஒரு வீதியே அழுதது அன்றைக்குத்தான் என்பார்கள்.

மறுநாள் அதே தமுக்கு வேறு சேதி சொன்னது. அதை அடித்தவர் மணியகாரரேதானாம். பாவாத்தாளும் நாச்சாயியும் வீடு வீடாகப் போனார்கள். எந்த வீதி, எந்தச் சாதி என்று பார்க்கவில்லை. "கேட்டாக் குடு, கேக்கற வரைக்கும் குடு. கண்ணீர்க் கரிப்புக்குமேல உப்பு வேண்டாம்." எல்லா வீட்டிலும் இதே பேச்சு. எல்லோரும் பிழைக்கவில்லை. கைக்குழந்தைகள் போயின, கிழவர்கள் போனார்கள். ஆனால் தாகத்தோடு ஒருத்தரும் போகவில்லை.

அதற்குப் பிறகு அவள் நாற்பது வருசம் இருந்தாள். வாயும் மெல்லத் திரும்பி வந்ததாம். நஞ்சப்பன் அதுக்குப் பயந்தே வண்டி பூட்டுவான் என்று கேலி பேசுவார்கள். ஒரு ஐப்பசியில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் பாலாடையில் பிழைத்தவர்கள் தலை நரைத்து, பேரன் பேத்தியோடு வந்து வாசல் நிறைய நின்றார்கள். வழக்கப்படி வாயில் பால் ஊற்றப் போனான் சென்னியப்பன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவளுக்குக் குடுத்தீங்களா?"

யாருக்கு என்று யாருக்கும் புரியவில்லை. நாச்சாயிக்குப் புரிந்தது. எழுந்து போய்ச் சாமைக் கஞ்சி வடித்தாள், உப்புப் போட்டாள், ஆற்றினாள். வேலாயி படுத்திருந்த இடத்தில், அந்த மண்தரையில், ஒரு பாலாடை ஊற்றினாள். "குடி கண்ணு" என்றாள். மண் உறிஞ்சிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த பாவாத்தாள் பிறகுதான் வாயைத் திறந்தாளாம். ஒரு வாய் விழுங்கினாள். போய்விட்டாள்.

சந்தைக்குப் போகிற வழியில் வேப்பமரத்தடியில் கிடக்கிறதே கல் தாழி, அது அந்த எருமைத் தாழிதான். ஐப்பசி பிறந்தால் ஊரே கஞ்சி வடித்து அதில் ஊற்றுகிறோம். யார் வேண்டுமானாலும் மொண்டு குடிக்கலாம், மாடு வந்தாலும் விரட்ட மாட்டோம். நம்ம வழியில் பிறந்தது வளர்ந்தது எல்லாம் அவள் கொடுத்த உசுருதானே! உப்பைக் கரைத்து, நாக்கில் வைத்துப் பார்த்து, முதல் பாலாடையை மண்ணில் ஊற்றிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு. அப்படி ஊற்றும்போது எங்கள் பெண்கள் மந்திரம் எதுவும் சொல்வதில்லை.

"குடி கண்ணு" என்பார்கள். அவ்வளவுதான்.