சாணக் குழியின் மூடி

நான் தினமும் இரண்டு வேளை குளிப்பவன் ஐயா. அதை ஒரு குற்றமாக நினைக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அரசு வீடுகளில் கட்டிக்கொடுத்த சாண எரிவாயுக் குழிகள் இன்னும் பத்து வருடம் தாங்குமா என்று ஆராய்ந்து எழுதுவது என் வேலை. படித்த படிப்புக்குக் கிடைத்ததைப் பாருங்கள். வீட்டுக்கு வீடு சாணம், ஈ, புளித்த நாற்றம். அதே கையோடு டீயை நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் முகம் சுருங்கும். சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

பட்டியலில் கடைசி, பால்காரர் வீடு. அவர் குழியில் வாயு குறைந்திருந்தது. அடியில் எவ்வளவு மண் படிந்திருக்கிறது என்று பார்க்காமல் என் படிவம் நிறையாது. கரைசலை வெளிவாய் வழியாக இறைத்து வைத்திருந்தார்கள். விதிப்படி மூடியைத் திறந்து, விஷவாயு போக ஒரு நாள் ஆறப்போட வேண்டும். பிறகு கூண்டில் ஒரு கோழியை இறக்கி, அது பிழைத்தால்தான் ஆள் இறங்கலாம். பால்காரரின் மனைவி கோழியைக்கூடப் பிடித்து வைத்திருந்தாள். "நாளைக்கு வாங்களேன் சார், நல்லா ஆறட்டும்" என்றாள்.

மறுபடியும் அங்கே வருவதா? ஒன்றும் ஆகாது, இரண்டு நிமிட வேலை, ஆறப்போட்டதாக நானே எழுதிக்கொள்கிறேன் என்றேன். படித்தவர் சொல்கிறார் என்று மூடியை நகர்த்திய கையோடு பால்காரர் இறங்கினார். எனக்குக் கை கழுவ வெந்நீர் வேண்டுமென்று அவளை உள்ளே அனுப்பினேன்.

"சார், தலை சுத்துது. கயித்தப் போடுங்க."

கயிறு என் காலடியில்தான் கிடந்தது. முழுக்க ஈரச் சாணம். குனிந்தேன், ஆனால் விரல் போகவில்லை. பிடித்துத் தூக்க ஒரு பழந்துணி கிடைக்குமா என்று கொல்லை முழுக்கத் தேடினேன். உங்களுக்கே தெரியும், தேடும்போது எதுவும் கிடைக்காது.

திரும்பியபோது குழிக்குள்ளிருந்து "சார்" என்பது மட்டும் வந்தது. அவள் செம்போடு வருவது தெரிந்தது. பார்த்தால் அவளும் குதிப்பாள், இரண்டு பிணமாகும். அதனால் இரும்பு மூடியைக் காலால் தள்ளி மூடி, அதன்மேல் நின்றுகொண்டேன். அவர் எங்கே என்று கேட்டாள். கடைக்குப் போயிருக்கிறார் என்றேன்.

கையை நீட்டினேன். அவள் வெந்நீர் ஊற்றினாள். காலுக்கடியில் இன்னொரு "சார்" கேட்டது. தண்ணீர் விழும் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. செம்பு காலியாகும்வரை நான் நகரவில்லை.

அவள் இன்று உயிரோடு இருப்பது என்னால்தான் ஐயா. அதையும் வாக்குமூலத்தில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.