எங்களை அறியாத கழுகு

விழாவுக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் காப்பகக் குழுத் தலைவர் அவர்களே, முன்வரிசையை நரைமுடியால் வெளிச்சமாக்கியிருக்கும் பெரியோர்களே, இடுப்பில் குழந்தையோடு வெயிலில் வந்து காத்திருக்கும் தாய்மார்களே, கூண்டுகளைக் கழுவிக் கழுவிக் கைரேகை தேய்ந்த என் சக ஊழியர்களே, உங்கள் அனைவரையும் இந்தக் காப்பகத்தின் மருத்துவராகத் தலைவணங்கி வரவேற்கிறேன்.

எனக்குப் பின்னால் புதிய கண்ணாடிக் கூண்டு நிற்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. "கழுகு எங்கம்மா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. கழுகைக் காட்டுகிறோம் என்றுதானே உங்களை அழைத்தோம்? ஐயா, அது இன்று காலை கிளம்பிவிட்டது. தப்பி ஓடவில்லை, நாங்களே கதவைத் திறந்துவிட்டோம். ஏன் திறந்தோம் என்று சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கியின் முன் நிற்கிறேன்.

பிணந்தின்னி என்று நாம் பழித்த பறவை அது. செத்த மாட்டைத் தின்று ஊரை நோயிலிருந்து காத்த பறவை. மாட்டுக்கு நாம் போட்ட வலி மருந்து, அந்த மாட்டின் சதை வழியே அதன் வயிற்றுக்குப் போய்க் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. மிஞ்சியவற்றில் சிலவற்றைப் பிடித்து வந்து, அடைத்து வைத்து, முட்டையிட வைத்தோம். பறக்கப் பிறந்ததைப் பூட்டி வைக்க நமக்கு என்ன உரிமை? பூட்டாமல் விட்டு, பூண்டோடு அழிந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் உரிமை உண்டா? இந்த இரண்டு கேள்விகளும் எங்களைத் தூங்கவிட்டதில்லை.

முதல் குஞ்சை வளர்த்தவர் இங்கே பராமரிப்பாளராக இருக்கும் என் வீட்டுக்காரர். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் வானொலி. சிரிக்கிறீர்களே, உங்களிடமும் பேசியிருக்கிறார் போலிருக்கிறது! இறைச்சியை ஊட்டும்போதெல்லாம், "சாப்பிடுடா கண்ணு, அப்பா இருக்கேன்ல" என்று கொஞ்சுவார். குஞ்சு வளர்ந்து வாலிபமானது. பெண் கழுகுகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சுள்ளி சுள்ளியாகப் பொறுக்கி வந்து என் கணவரின் காலடியில் கூடு கட்டியது! எனக்கு வாய்த்த சக்களத்தியும் ஆண்பிள்ளையா என்று நானே கேலி பேசினேன். கதவைத் திறந்தோம், போகவில்லை. 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று பெயர் சூட்டினார்கள். என்ன பாசம் பாருங்கள் என்று பார்வையாளர்கள் கைதட்டினார்கள். அது பாசமா? தான் ஒரு கழுகு என்பதே தெரியாமல் போன உயிரின் தனிமை அல்லவா அது? என் கணவர் அன்று வீட்டுக்கு வந்து ஒன்றுதான் சொன்னார். "நான் கொஞ்சினது அது வாழ்க்கையக் கெடுத்துடுச்சு."

அடுத்த குஞ்சு பொரிந்தபோது எங்களிடையே ஒரு விதி பிறந்தது. மனித முகம் தெரியக் கூடாது. மனிதக் குரல் கேட்கக் கூடாது. செல்லப் பெயர் கூடவே கூடாது. தாய்க்கழுகின் தலைபோல் தைத்த கையுறையை மாட்டிக்கொண்டு, திரை மறைவிலிருந்து ஊட்ட வேண்டும். நான் ஊட்டுகிறேன் என்று முன்வந்தவர் யார்? வானொலி! எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்த அறையில் அவர் வாயைத் திறக்கவே இல்லை. அங்கே அடக்கியதையெல்லாம் மூட்டை கட்டி வந்து வீட்டில் என் தலையில் கொட்டினார். அந்தக் கழுகுக்காக என் காதுகள் செய்த தியாகத்தையும் இந்த அவை குறித்துக்கொள்ள வேண்டும்!

கழுகு வளர்ந்தது. அழகென்றால் அப்படியோர் அழகு. அதற்காகத்தான் இந்தக் கண்ணாடிக் கூண்டு எழுந்தது. தலைவரின் ஆசை நல்ல ஆசை. வெளியே நஞ்சு இருக்கிறது, இங்கே ஆயுள் கெட்டி, குழந்தைகளும் பார்த்து மகிழ்வார்கள் என்றார். போன இடத்தில் செத்துவிட்டால் என்ன செய்வது என்றார். உங்களுக்கு அழைப்பு அனுப்பிய பிறகு கூடிய குழு முழுவதும் தலையாட்டியது. என் கணவர் எழுந்தார். பெரிய பிரசங்கம் வரப்போகிறது என்று நான் நடுங்கினேன். அவர் பேசியது இவ்வளவுதான்: "சாகலாம்தான் ஐயா. ஆனா அது இன்னும் வாழவே ஆரம்பிக்கலையே?"

அதைக் கேட்டு, திறந்துவிடுங்கள் என்று சொன்னவரும் இதே தலைவர்தான். இந்தக் கைதட்டல் போதாது, இன்னும் உரக்க!

இன்று காலை கதவு திறந்தது. கழுகு வாசல் கட்டையில் வந்து உட்கார்ந்தது. போ என்று சொல்ல ஆளில்லை, சொல்லவும் கூடாது. திரைக்குப் பின்னால் என் கணவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சிறகு விரிந்தது. காற்று ஏந்திக்கொண்டது. எங்கள் தலைக்கு மேல் ஒரு வட்டமாவது அடிக்காதா என்று என் பாழும் மனம் ஏங்கியது. அடிக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. புள்ளியாகி மறைந்த பிறகு அவர் வெளியே வந்தார். கண் நிறைய நீர், முகம் நிறையப் பெருமை. "நான் யாருன்னே அதுக்குத் தெரியாது" என்றார், பெற்ற பிள்ளை பட்டம் வாங்கியதைச் சொல்வதுபோல.

அன்பானவர்களே! எங்களை அறியாததே எங்கள் வெற்றி! எங்களைத் தேடாததே எங்கள் பெருமை! நன்றி சொல்லாமல் போனதே நாங்கள் பெற்ற நன்றி! எங்களோடு தங்கிவிட்ட வீட்டோடு மாப்பிள்ளையைக் கடைசிவரை கண்ணாகக் காப்பது எங்கள் கடன். ஆனால் பறந்து போனதைக் காப்பது உங்கள் கையில் இருக்கிறது. மாடு வளர்ப்பவர்களே, ஊசி போட வருகிறவரிடம், இந்த மருந்து கழுகைக் கொல்லுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கொல்லுமென்றால், கொல்லாத மருந்தும் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் திறந்தது ஒரு கதவைத்தான். வானத்தைத் திறந்து வைக்க வேண்டியவர்கள் நீங்கள்!

என்றாவது உங்கள் வயலுக்கு மேலே ஒரு பெரிய நிழல் கடந்து போனால், கைதட்டிக் கூப்பிடாதீர்கள், கல்லெடுக்காதீர்கள். எட்ட நின்று ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவையுங்கள். வெயிலில் இவ்வளவு நேரம் பொறுத்திருந்த உங்களுக்கும் அதே கும்பிட்டை, நெஞ்சு நிறைந்த நன்றியோடு, நானும் போடுகிறேன். வணக்கம்.