வாத்தைப் பார்க்காத கண்கள்

அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் பேராசிரியர் ஷியே அவர்களே, நெறி பிறழா நடுவர் பெருமக்களே, பிள்ளைகளின் படம் பார்க்கக் கடையடைத்துவிட்டுத் தைபே வரை வந்திருக்கும் பெரியோரே, தாய்மாரே, என்னோடு கண்விழித்துக் கற்ற தோழர்களே, உங்கள் அனைவருக்கும் கீலுங் துறைமுகத்து மீன் உருண்டைக் கடைக்காரர் மகள் சூ-லானின் பணிவான வணக்கம்.

மக்கள் மனம் கவர்ந்த மாணவர் படம் என்று கோப்பை கொடுத்திருக்கிறீர்கள். நிஜ மனிதரைப் படம்பிடித்து, வரைந்த உருவத்தை அவர் பக்கத்தில் நடமாட விட்ட நேர்த்திக்காம். மேசைக்கடியில் வாத்து வாலாட்டுகிறது. எதிரே இருக்கும் மனிதர் அதைப் பாராமல் அந்தரத்தைப் பார்த்து, "சூடா இருக்கு, ஊதிக் குடி" என்று கண் கலங்குகிறார். விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

அந்த மனிதர் யார்? என் அப்பா. அவர் பார்த்தது யாரை? இறந்துபோன என் அம்மாவை.

கைதட்டாதீர்கள், பொறுங்கள். இது கதையல்ல.

உருவத்தைப் பிறகுதான் வரைவோம். படம்பிடிக்கையில் அங்கே காற்றுதான் இருக்கும். நடிப்பவர் எங்கே பார்ப்பார்? அதற்காகக் குச்சி நுனியில் ஒரு பிங்பாங் பந்தைக் குத்திப் பிடிப்போம். அம்மாவை வரைந்து அப்பாவின் எதிரே உட்கார வைப்பதுதான் எங்கள் திட்டம். கேமராவில் என் தோழன் போ-யென். குச்சி என் கையில்.

அப்பா பந்தைப் பார்த்தார். "கொஞ்சம் இறக்கு புள்ள. உங்கம்மா அவ்வளவு உயரமில்ல."

இறக்கினேன்.

"இன்னும் கொஞ்சம். முதுகு வலிக்குதுன்னு குனிஞ்சுதான உக்காருவா."

அம்மா போனபின் அவள் பெயரைக்கூட வாய் திறந்து சொல்லாத மனிதர், அந்தப் பந்தோடு பேசினார் ஐயா! பேசினார், கோபித்தார், கெஞ்சினார், கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். என் கை நடுங்கியது, பந்தும் நடுங்கியது. அவள் தலையாட்டுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்தார்.

அது ஆவிகளுக்குக் கதவு திறக்கும் ஏழாம் மாதம். போ-யெனுக்கு உதறல். "இந்த மாசத்துல போய் செத்தவங்கள வரையச் சொல்றியேடி. வீட்டுக்கே வந்துட்டா?"

வரட்டுமே! அதற்காகத்தானே அப்பா எதிரே நாற்காலி போட்டார்?

விவகாரம் எங்கள் பேராசிரியரிடம், இதோ இன்று அவைத் தலைவராக வீற்றிருப்பவரிடம் போனது. அவர் சொன்னார்: "ஏம்மா, அழுகைய யாரு காசு குடுத்துப் பாப்பா? வாத்து ஒண்ணு போடுங்க. புள்ளைங்க ரசிக்கும்." குழுவில் கை தூக்கச் சொன்னார்கள். அம்மாவுக்காக எழுந்த கை என் கை ஒன்றுதான். அம்மாவின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சுவர், மேசைக்கடியில் வாத்து. கண் பார்த்த இடம் ஒன்று, கலை வைத்த இடம் வேறொன்று. அந்த இடைவெளியைத்தான் நீங்கள் நகைச்சுவை என்கிறீர்கள்.

பின்வரிசையில் யாரோ "கோப்பைய வாங்கிட்டு எறங்கும்மா" என்கிறீர்கள். இறங்கத்தான் போகிறேன் ஐயா.

வாத்தை வரைந்த கைக்குப் பரிசு. வண்ணம் தீட்டிய கைக்குப் பரிசு. வாழ்ந்ததை வாரி வைத்த கண்களுக்கு என்ன பரிசு? உங்கள் சிரிப்பா? ஒரு மனிதனின் துக்கத்தை அளவெடுத்து வாங்கி, அதை வேறொருவன் உடம்புக்குச் சட்டையாகத் தைப்பதற்குப் பெயர் தொழில்நுட்பமா? எனக்கு ஆத்திரமாக இருக்கிறது, மறைக்கவில்லை.

அம்மா படத்தில் இல்லை என்று அப்பாவிடம் முன்னமே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் அவர் என் காதருகே குனிந்தார். "எல்லாரும் சிரிச்சாங்கல்ல புள்ள, நல்லா வந்திருக்கு. உங்கம்மா வர்ற கட்டம் எப்போ? அதுக்குள்ள லைட்டப் போட்டுட்டாங்களே."

தலைவர் அவர்களே, கோப்பையை உங்கள் மேசையிலேயே வைக்கிறேன். மூன்றாம் வரிசையில் அப்பா இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கேட்டதற்கு நீங்களே பதில் சொல்லுங்கள். செவிகொடுத்த அனைவருக்கும் நன்றியும் வணக்கமும் கூறி இறங்குகிறேன்.