கேஸ் ஏறாத பீர்

…நுரைங்க தம்பி, வெறும் நுரை! ஒரு கிளாஸ் புடிச்சா முக்கால் கிளாஸ் நுரை. அத ஊதித் தள்ளிட்டு வாயில வெச்சா… முந்தாநாள் தொறந்து வெச்ச கோலி சோடா. இந்தாங்க, குடிச்சுப் பாருங்க. ஏன் பின்னால போறீங்க? குப்பைத் தொட்டியப் பத்திக் கேக்கத்தானே வந்தீங்க? இந்த வாரம் தெருவுல வெக்கிறது மஞ்ச மூடித் தொட்டியா பச்ச மூடித் தொட்டியான்னு கடைசில சொல்றேன், எங்க ஓடிடப்போகுது! பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து நாலு நாளாச்சு, இந்த செந்தில்நாதனோட கராஜ இன்னும் பாக்கலன்னா இந்த ரோவில் ஏரியால இருந்து என்ன பிரயோஜனம்?

இதோ, இந்த ஃபிரிட்ஜுக்குள்ள நிக்கிற பெரிய கேன்தான் கெக். பத்தொம்பது லிட்டர். நானே காய்ச்சி, நானே புளிக்க வெச்சு ஊத்தினது. பக்கத்துல நிக்குது பாருங்க சிலிண்டர், அதுலேர்ந்து சோடா கேஸ் உள்ள போகணும், மெதுவா பீர்ல கரையணும், குடிச்சா சுர்ருனு இருக்கணும். யூட்யூப்ல ஒரு தாடிக்காரன் சிரிச்சுக்கிட்டே செய்றான். எனக்கு மட்டும் மூணாவது கெக்கும் கஷாயம்!

நான் என்னத்த பாக்காம விட்டேன்? குழாய் பூரா சோப்புத் தண்ணி தடவினேன், ஒரு குமிழி வரல. மூடி ரப்பர மாத்தினேன். ஃபிரிட்ஜ் மூணு டிகிரி. கடைக்காரனக் கேட்டா, "பொறுமையா இரு மேட்"ங்கிறான். கல்யாணியக் கட்டி இருபது வருஷமாச்சு, எனக்கே பொறுமை சொல்லித் தர்றான்!

கல்யாணி என் வீட்டம்மா. நேத்து டேப் எடுத்துட்டு வந்து இந்த ஃபிரிட்ஜ அளந்தா தம்பி. தட்டு தட்டா. அடுத்த சனிக்கிழமை என் சகலை மகாதேவன் சிட்னிலேர்ந்து வர்றாரு. மோந்து பாத்தே குத்தம் சொல்ற மகான். அவர் முன்னால இதுவும் சப்புனு போச்சுன்னா, ஃபிரிட்ஜ் அவளோட இட்லி மாவுக்கும் மீனுக்கும். யார் போட்ட பந்தயம்ங்கிறீங்களா? நான்தான். வேற யாரு இவ்வளவு புத்திசாலி?

அதுக்காக நான் அஜாக்கிரதைன்னு நெனச்சிடாதீங்க. கேஸ் விஷயத்துல என்ன மாதிரி ஆள் கெடையாது. மதுரைல எங்க வீட்டுல சிலிண்டர மூடாம ஒருத்தரும் படுத்ததில்ல. இங்க என்னடான்னா, கேஸ் பூமிக்கடியில குழாய்ல வருது! பதினாலு வருஷம் மூடறதுக்கு ஒரு சிலிண்டர் இல்லாம கை பரபரன்னு கெடந்துச்சு. இப்பதான் ஒண்ணு வாய்ச்சிருக்கு. இது எரியற கேஸ் இல்லன்னு சொன்னாலும் கல்யாணிக்குப் பயம். வெளிய கெளம்பினாலும் சரி, படுக்கப் போனாலும் சரி, "கேஸ மூடியாச்சா?" மூடாம விடுவேனா? டக்குனு திருகி, இன்னொரு தடவை இறுக்கிப் பாத்துட்டுதான் போவேன். அப்புறம் ஒரு கிளாஸ் புடிக்கிறப்போதான் தொறந்து, ஃபுல்லா ஏத்தி…

என்ன தம்பி? ஏன் சிலிண்டரயே பாக்குறீங்க?

…ஓ.

அப்போ கரையறதுக்கு… நான் விடவே இல்லியா? ஊத்துற நேரத்துல மட்டும் அடிச்சு விட்டா… நுரைதான் வரும். "ஓம் ஓம்"னு உங்க ஊர் ஆமாவப் போட்டுத் தலையாட்டாதீங்க நிதுஷன், புரிஞ்சுபோச்சு. மூணு கெக்கு! என் கையாலயே!

ஏங்க, எஞ்சினியருக்குப் படிச்ச மனுஷன், இவ்வளவு நேரம் வாயத் தொறக்காம நின்னீங்களே, இது நியாயமா? …நான் பேச விட்டாத்தானேங்கிறீங்களா? சரி, சரி.

இன்னும் ஒம்பது நாள் இருக்கு. தொறந்தே விட்டா ஏறிடும்ல? இதோ, தொறந்துட்டேன்.

ஷ்… ஹாரன். கல்யாணி நைட் ட்யூட்டிக்குக் கெளம்பிட்டா, ஹாஸ்பிட்டல்ல நர்ஸு. கேக்குதா? கார்லேர்ந்தே கத்துறா: "கேஸ மூடியாச்சா?"

மூடியாச்சும்மா!

…பச்ச மூடி தம்பி. இந்த வாரம் பச்ச. போங்க. நீங்க எதையும் பாக்கல.