மாமாவின் பிரசங்கத்தை நான் மொழிபெயர்த்த விதம்

"அப்பாவ நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். உன் வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான் போகணுமா?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைடி. ஆராதனை முடியட்டும். ஒரு நாள்ல என்ன ஆயிடப்போகுது?"

சமையலறையில் அக்காவும் தங்கையும் இப்படிச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, நான் கூடத்தில் மாமாவின் வெள்ளை அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அங்கியில் கழுத்துப்பட்டையைத்தான் முதலில் தேய்க்க வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை.

அக்கா என் மனைவி. தங்கை வெளியூரில் நர்ஸ். மாமா அவர்களுடைய அப்பா, நம் சபையின் மூத்த போதகர். நான் உதவிப் போதகர். நடந்ததைப் பற்றி இந்த வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததை எழுதுகிறீர்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

மாமா பெரிய வேத பண்டிதர். இறையியல் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் கற்பித்தவர். யோபுவின் புத்தகத்துக்கு விளக்கவுரை எழுதத் தொடங்கியபோது அவருக்குத் தலை முழுக்க முடி இருந்தது. முதல் பாகம் வந்தபோது இல்லை. பிரசங்க மேடையில் ஒரு சொல்லைப் பிடித்தால் பசி வரும்வரை விடமாட்டார். அது மூலத்தில் எங்கெங்கே வருகிறது, எந்தப் பழைய பிரதியில் எப்படி இருக்கிறது என்று எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில், "இதுக்கு அர்த்தம் நமக்கு உறுதியாத் தெரியாது" என்று முடிப்பார். தெரியாததைக் கேட்க யார் பஸ் ஏறி வருவார்கள்? வந்த நாலு பேரில் மூன்று பேர் தூங்கினார்கள். நான்காவது ஆள் நான்.

பிறகு பக்கவாதம் வந்தது. நாக்கு போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நன்றி சொல்வதற்காக அவரை ஆராதனைக்கு அழைத்து வந்தோம். நாற்காலியில் உட்காரவைத்து வாயருகில் மைக்கைப் பிடித்தேன். ஏதோ குழறினார். எல்லாரும் தர்மசங்கடத்தில் தரையைப் பார்த்தார்கள். சமாளிக்கத்தான் சொன்னேன்: "ஐயா என்ன சொல்றார்னா, கர்த்தர் இந்தச் சபைய நிரப்பப் போறாராம்." பின்வரிசையில் ஒரு அம்மா அழுதார். அடுத்த மாதமே வாசல் வரை பிளாஸ்டிக் நாற்காலி போட வேண்டியதாயிற்று. எபிரெயத்துக்குத் தூங்கியவர்கள், இந்தக் குழறலை எபிரெயம் என்று நம்பிக் கண் கொட்டாமல் கேட்டார்கள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். மாமா களைத்துப்போகிறார் என்று சொல்லி அவரை நிறுத்திவிட்டேன். நியாயமாக யோசியுங்கள். நாக்கு திரும்பினால் மாமா மறுபடியும் மேடை ஏறி, உறுதியாகத் தெரியாது என்பார். நிரம்பிய சபை என்ன ஆகும்?

ஆனாலும் பேச்சு தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அதனால் மைக்கை என் பக்கம் நகர்த்திக்கொண்டேன். ஐயா வாயைத் திறக்கும்போதெல்லாம் மெதுவாக வாசிக்கும்படி கீபோர்டுகாரரிடம் சொல்லிவைத்தேன். குறிப்பறிந்து வாசிப்பவர் அவர்.

ஒருநாள் மாமாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது அவர் தெளிவாகவே சொன்னார்: "மாப்ள, நான் அப்படியெல்லாம் சொல்லல."

"நீங்க சொன்னதோட அர்த்தம் அதுதான் மாமா," என்றேன்.

"உனக்கு உறுதியாத் தெரியுமா?"

அது அவருடைய பழைய வியாதி. சோப்பைத் துடைத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை கொழுந்தியாள் வந்தவுடன் அப்பாவின் கால் வீக்கத்தையும் மூச்சிரைப்பையும் பார்த்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பித்தாள். நான் உள்ளே போய், மாமாவுக்கே ஆராதனைக்கு வர ஆசை என்று தன்மையாகச் சொன்னேன். கூடத்து நாற்காலியிலிருந்து மாமா தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்பதில் எனக்கும் கொழுந்தியாளுக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

மறுநாள் பிற சபைகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பாதியில் மாமா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"நெஞ்சு வலிக்குது. என்னை இறக்கிவிடு."

நான் மைக்கில் சொன்னேன்: "உங்க பாவத்த நெனச்சு ஐயாவுக்கு நெஞ்சே வெடிக்குதாம்." சபை விம்மியது.

முன்வரிசையிலிருந்த கொழுந்தியாளுக்கு அவர் சொன்னது கேட்டுவிட்டது. எழுந்து கையை வீசிக் கத்தினாள். சுற்றியிருந்த பெண்கள் அவள்மேல் ஆவி இறங்கிவிட்டது என்று நினைத்து, அவளைப் பிடித்து உட்காரவைத்துத் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். அவள் திமிறத் திமிற ஜெபமும் கூடியது. கீபோர்டுகாரரும் சத்தத்தைக் கூட்டினார். மைக் என் கையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளை விட்டிருப்பார்கள்.

மாமா மறுபடியும் சொன்னார். மறுபடியும் மொழிபெயர்த்தேன். பிறகு அவர் உதடு மட்டும் அசைந்தது. அதற்கு நான் கொடுத்த விளக்கம் கொஞ்சம் நீளம். நன்றாக வந்துகொண்டிருந்தது, நிறுத்த மனம் வரவில்லை. முடித்துவிட்டுத் திரும்பினால் தலை சாய்ந்திருந்தது. ஐயா ஜெபத்தில் இருக்கிறார், எல்லாரும் தலை வணங்குங்கள் என்றேன். வணங்கினார்கள். அவர் கை சில்லிட்டிருந்தது எனக்குத் தெரியும். வலி என்று அவர் முதலில் சொன்னதும் எனக்குப் புரிந்தே இருந்தது.

கொழுந்தியாள் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறாள். என் மனைவி தங்கை பக்கம் போய்விட்டாள். எனக்கு யார்மேலும் கோபமில்லை. அன்று முப்பது பேராவது மனந்திரும்பினார்கள். ஒரு பண்டிதர் ஆயுள் முழுக்கப் பிரசங்கித்தும் நடக்காதது அது. அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அன்றைய செய்தியால் ஆசீர்வாதம் பெற்றவர்கள் தயவுசெய்து இதற்குக் கீழே உங்கள் சாட்சியைப் பதிலாக எழுதுங்கள். முழுப் பெயரோடு எழுதினால் வக்கீலுக்கு உதவியாக இருக்கும்.