தலைக்கு ஒரு நற்செயல்

பிள்ளைகள் பெருகுவது யாருக்கும் சந்தோஷம்தான், ஐயா. எங்கள் சாரணர் குழு தொடங்கியபோது எல்லாரும் ஒரே பெஞ்சில் அடங்கினார்கள். பிறகு அக்கா சேர்ந்தாள் என்று தங்கை, அடுத்த வீட்டுக்காரன் சேர்ந்தான் என்று இவன். மைதானம் நிறைந்துவிட்டது.

கூடாரம் போதாததை ஒட்டுப்போட்டுச் சமாளித்தேன். நற்செயலைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஆளுக்கொரு நற்செயல், தினமும். அது எங்கள் விதி. ஒரு தெருவில் அத்தனை கஷ்டத்துக்கு எங்கே போவது? தபால்காரரைக் கைபிடித்துச் சாலையைக் கடக்க வைத்தார்கள். அவர் போக வேண்டியது இந்தப் பக்கம். காய்கறிப் பை ஒன்றை நாலு பேர் தூக்கப்போய்ப் பை கிழிந்தது.

"அக்கா, இன்னிக்கும் எனக்கு யாரும் கிடைக்கல," என்று ஒரு குட்டிப் பெண் விசும்பினாள். "மாடி வீட்டு டெய்லர் தாத்தாகிட்ட கேட்டேன். 'எனக்குக் கால் ரெண்டும் கல்லு மாதிரி திடமா இருக்கு, போய்ப் பாடத்தைப் படி'ன்னுட்டார்."

அவர் சொன்னது உண்மைதான். அவர் வீட்டுப் படிகளைக் கழுவிக் கொடுத்தேன். சோப்பைச் சரியாக அலசவில்லை. அவ்வளவுதான்.

இடுப்பெலும்பு முறிந்த ஒரு மனிதருக்குள் எத்தனை நற்செயல் இருக்கிறது தெரியுமா? தண்ணீர் கொடுக்க ஒருத்தி, மருந்து வாங்க ஒருவன், ஊசியில் நூல் கோக்க இன்னொருத்தி. நற்செயலுக்காகப் பிள்ளைகள் போட்ட சண்டை ஓய்ந்தது. டெய்லரும் இளகிவிட்டார். "பெத்த பிள்ளை எட்டிப் பாக்கல. உன் வானரப் படைதாம்மா என்னைத் தாங்குது," என்று என் கையைப் பிடித்து அழுதார். நல்லதுதானே நடந்தது?

அவர்தான் கொஞ்சம் அவசரப்பட்டுக் குணமாகிவிட்டார்.

"நாளையிலிருந்து பசங்கள அனுப்பாதம்மா. நானே இறங்குறேன், பாரேன்," என்று மேல்படியில் நின்று கைத்தடியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். கீழே, படி திரும்பும் இடத்துக்கு அப்பால், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் தூக்குப்படுக்கையோடு நின்றார்கள். முதலுதவிப் பயிற்சி என்று நான்தான் வரச் சொல்லியிருந்தேன். பிள்ளைகளைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன்பே அவர் மூச்சு நின்றிருந்தது. ஆனால் வழியெல்லாம் படுக்கையின் ஒரு முனைகூடத் தாழவில்லை. மாற்றி மாற்றி எல்லாரும் பிடித்தார்கள். அன்று ஒரு பிள்ளைகூட வெறுங்கையோடு வீடு திரும்பவில்லை, ஐயா.