துருப்பிடித்தது புரதமா, கண்ணாடிக் குழாயா?

மருந்துப் புட்டிகளுக்கு நடுவே புன்னகை பூத்து வீற்றிருக்கும் விழாத் தலைவர், பேராசிரியர் ஒலாஸ்கோவாகா அவர்களே! பைசாந்தூ நகர ஓய்வுபெற்றோர் மன்றத்தின் பெரியோர்களே! 'இளமைச் சாறு' பருகிப் பருகிப் பளபளக்கும் தாய்மார்களே! மாத்தே தேநீர்க் குடுவையைக் கைமாற்றியபடியே கைதட்டும் கனவான்களே! ஆய்வக ஊழியன் பெலார்மினோவின் பணிவான வணக்கம்.

எனக்குப் பதக்கம் அணிவித்திருக்கிறீர்கள். எதற்காக? உங்கள் உடம்பின் புரதம் துருப்பிடிப்பதை இந்தச் சாறு பாதியாகக் குறைக்கிறது என்று அளந்து சொன்னதற்காக. அளந்தேனா? அளந்தேன். எப்படி அளந்தேன்? அதைத்தான் ஒருவருமே கேட்கவில்லை!

இப்போது சொல்கிறேன். ஆக்சிஜன் தாக்கிய புரதத்தில் வடு விழும். வடுவைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் சாயம் ஒன்று உண்டு. ஒட்டாத சாயத்தை மும்முறை அலசி விரட்ட வேண்டும். மிஞ்சிய மஞ்சள் எவ்வளவோ, சேதம் அவ்வளவு. எளிய முறை, இனிய முறை, ஏமாற்றத் தெரியாத முறை! ஏமாறத் தெரிந்தவர்கள் நாங்கள்தான்.

சாறு குடிக்காதவர்களின் இரத்தத்தை அளந்த நாள் எந்த நாள்? ஆற்றுக்கு அக்கரைக்காரர்களோடு நம் கால்பந்து அணி மோதிய நாள்! கடைசி வரிசை ஐயா, கைதட்டாதீர்கள், அன்று நாம் தோற்றோம். பேராசிரியர் மாத்தேக்கான வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆய்வக வாசலில் நின்றார்.

"டேய் பெலார்மினோ, கழுவின குழாய் இன்னுமா காயல? ஆட்டம் ஆரம்பிச்சிரும்டா!"

"சூட்டுப் பெட்டில வச்சாத்தான் காயும், டாக்டர்."

"அசிட்டோனை ஊத்தி ஒரு குலுக்குக் குலுக்கு, போதும். சாயத்தையும் ஒரு தடவ அலசிட்டு ஓடி வா!"

ஓடினேன். நகப்பூச்சை அழிக்கிறீர்களே, அதே அசிட்டோன்தான் தாய்மார்களே! சாயம் தேடும் அந்த வடுவின் அடையாளம் அசிட்டோனிடமும் உண்டு. குழாயில் ஒட்டியிருந்த அசிட்டோனைச் சாயம் கட்டிக்கொண்டது, மஞ்சள் பொங்கியது. சாறு குடித்தவர்களின் இரத்தத்தையோ திங்கட்கிழமை, நன்றாக உலர்ந்த குழாயில், மும்முறை அலசி, நிதானமாக அளந்தோம். மஞ்சள் பாதியானது. பாதியாக்கியது சாறா? பந்து, பெரியோர்களே, பந்து!

போன வாரம் பெயர்களை மறைத்து, எல்லா இரத்தத்தையும் ஒரே முறையில் மீண்டும் அளந்தேன். இரண்டுக்கும் எள்ளளவும் வித்தியாசமில்லை. பேராசிரியரிடம் சொன்னேன். "விழா முடியட்டும்டா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் மூடிக்கொண்டேன்.

ஆனால் சற்றுமுன் வாசலில் எத்தெல்வீனா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ நல்லா இருக்கணும். பிரஷர் மாத்திரைய நிறுத்திப் பன்னெண்டு நாளாச்சு. தலைதான் லேசா கிறுகிறுங்குது. சாறு வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

அம்மா, அது சாறு வேலை செய்வதன் அடையாளம் அல்ல. உங்கள் இரத்த அழுத்தம் ஏறுகிறது! என் அவசரத்தை நம்பி உயிரோடு விளையாடிவிட்டீர்கள். தவறு என்னுடையது. மன்னியுங்கள்.

தலைவர் என் சட்டையை இழுக்கிறார். இழுக்கட்டும்! இந்தப் பதக்கத்தை இதோ மேசையில் வைக்கிறேன். ஒரே ஒரு கேள்வி: சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் இன்னும் யார்? கூச்சப்படாமல் கை தூக்குங்கள்.

ஒன்று... மூன்று... ஏழு... பேராசிரியரே, சட்டையை விடுங்கள். முதல் வரிசையைப் பாருங்கள். கை தூக்கியிருப்பது உங்கள் தாயார்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி. கை தூக்கியவர்கள் என்னோடு எழுந்து வாருங்கள், மருத்துவமனை இரண்டு தெரு தள்ளித்தான். அனைவருக்கும் வணக்கம்.